கையறுநிலையும் இரசிகர் அஞ்சலியும்

1987 டிசெம்பர் 24ஆந் திகதி தமிழ்நாட்டு முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சென்னையிற் காலமானார். ஐம்பத்துநான்கு நாட்கள் கழித்து, 1988 பெப்ரவரி 16ஆந் திகதி, விஜய குமாரதுங்க கொழும்பிலே தமது வீட்டு வாயிலிற் சுட்டுக்கொல்லப்பட்டார். இருவரும் தத்தம் மொழித் திரைப்படங்களின் முதன்மை நடிகராய் விளங்கியவர்கள். இருவரும் தாம் முன்னர் சார்ந்திருந்த கட்சியினின்றும் விலகிப் புதிய கட்சி கண்டவர்கள். முன்னவர் 1917இல் இலங்கையிலே கண்டிப் பகுதியிற் பிறந்தவர் என்பதும், பின்னவர் 1986இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ்ப் போராளிகளுடன் பேசியவர் என்பதும் ஈழத்துத் தமிழ் வாசகர் நன்கறிந்த செய்திகள். இருவரது இறுதி ஊர்வலங்களிலும் மக்கள் கடலெனத் திரண்டனர். எனினும் அவ்விரு கூட்டங்களும் செலுத்திய அஞ்சலி ஒரு தன்மையதன்று. அவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வதே எமது நோக்கம். அதற்குத் தமிழிலக்கிய மரபில் இரங்கற்பாடல் வகித்த இடத்தை முதலில் நோக்குதல் அவசியமாகின்றது.

நடிகர் ஒருவர் இறந்தமைக்காகக் கதறியழும் இரசிகரைப் பற்றிப் படித்தோரிடையே இருவகை நோக்குகள் நிலவி வருகின்றன. ஒன்று ஏளனம். முன்பின் அறியாத ஒருவருக்காக மாரடிப்பது அறியாமை, அல்லது கட்சிக்காரர் காசு கொடுத்துச் செய்வித்த கூலிக்கு மாரடிப்பு என்பது அதன் சாரம். நம்மவருட் சிலர் இதனையே மார்க்சியம் என்றும் எண்ணியதுண்டு. மற்றது அண்மைக் காலத்தில் மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் வழியாக வந்தது. வெகுசனம் செய்வன யாவும் எதிர்ப்பின் வடிவங்களே எனக் கொண்டாடுவது அது. முதலாவது நோக்கு அழுபவனை மனிதனாகக் காணவில்லை. இரண்டாவது நோக்கோ அவனை எவர் எதற்குப் பயன்படுத்தினர் என்ற வினாவைக் கேட்பதில்லை. மதம் மக்களை மயக்குகின்றது என்பதோடு மார்க்ஸ் நின்றுவிடவில்லை. அவர்களது மெய்யான துன்பமே அதனூடாக வெளிப்படுகின்றது என்பதையும் 1844இல் வெளியான கட்டுரையிற் சேர்த்தே கூறினார். அஞ்சலியைப் பற்றிய ஆய்வும் இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளுதல் வேண்டும்.

இறந்தோரைக் குறித்து எஞ்சியோர் புலம்புவதைத் தொல்காப்பியர் கையறுநிலை எனப் பெயரிட்டுக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். இத்துறைக்குப் பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகப் பாடல் ஆய்வைத் தழுவி நோக்குமிடத்து ஒரு பொருளாதார அடிப்படை புலனாகின்றது. அதியமான் நெடுமானஞ்சி இறந்தபோது ஒளவையார் பாடியதாக உள்ள புறநானூற்று 235ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். கள்ளும் சோறும் எவ்வாறு பகிரப்பட்டன என்பதிலேயே அப்பாடல் தொடங்குகின்றது. அரசன் மார்பிற் பாய்ந்த வேல் இரப்போர் கையையும் பாணர் உண்கலத்தையும் துளைத்துச் சென்றதாகப் புலவர் காண்கிறார். இனிப் பாடுவாருமில்லை, கொடுப்பாருமில்லை என்று முடிக்கிறார். இங்கே துயரம் போலியன்று. ஆனால் அத்துயரம் ஈவோன், ஏற்போன் என்ற உறவின் அச்சிலே வார்க்கப்பட்டது. கொடை நின்றுபோனமையே இறப்பின் முழுப் பொருளாகிவிடுகின்றது. அதியமான் யாருடைய விளைச்சலைக் கொடுத்தான் என்ற வினா அப்பாடலில் எழ இடமில்லை. அவ்வினாவை எழவிடாமற் செய்வதும் அவ்வடிவத்தின் தொழில்களுள் ஒன்று.

கையறுநிலைக்கு இன்னுமொரு முகமும் உண்டு. பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் சோழன் கோப்பெருஞ்சோழனை ஒருபோதும் நேரிற் கண்டதில்லை. அவன் வடக்கிருந்தபோது தேடி வந்து அவனுடன் தாமும் உயிர்நீத்தார். அதனைக் கண்டு பொத்தியார் வியந்து பாடினார். காணாமலே கொண்ட அன்பும் அவ்வன்பின் பொருட்டு உயிர் துறத்தலும் தமிழ்ச் சமூகத்திற் சினிமா கொண்டுவந்த நோய்கள் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த அவற்றை நாம் பாடநூல்களிற் பெருமையோடு கற்பிக்கிறோம். புலவன் செய்தபோது நட்பு என்றும், மூட்டை தூக்குபவன் செய்தபோது பைத்தியம் என்றும் ஒரே செயலுக்கு இரு பெயர் வழங்குவது வர்க்கச் சார்பன்றி வேறென்ன?

வீரயுகத்தின் பின் இரங்கல் இரு கிளைகளாகப் பிரிந்தது எனலாம். ஒன்று வாய்மொழி ஒப்பாரி. அது பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் ஒதுக்கப்பட்டது. மற்றது எழுத்து வழக்கு. யாழ்ப்பாணத்திலே அது 'கல்வெட்டு' என்ற தனி வடிவத்தைப் பெற்றது. அந்தியேட்டித் தினத்தில் வழங்கப்படும் அச்சிறு நூல்களைப் புரட்டியவர்கள் அவற்றின் அமைப்பை அறிவார்கள்: திதி வெண்பா, இறந்தவரின் குல வரலாறு, உத்தியோகச் சிறப்பு, பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என வரிசையாகச் செல்லும். புலம்புவோர் வேறு, பாடல் எழுதியவர் வேறு. பெரும்பாலும் கூலி பெற்ற புலவரொருவரே எல்லோருக்குமாகப் புலம்பியிருப்பார். இதனாற் கல்வெட்டைப் பொய்யென்று தள்ளுவோர் எவருமில்லை. துயருக்கு வடிவம் வேண்டுமென்பதை யாவரும் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் கல்வெட்டு அச்சிடுவதற்குப் பணம் வேண்டும். குல வரலாறு எழுதுவதற்கு எழுதத்தக்க குலம் வேண்டும். பிறர் வளவிலே கள்ளிறக்கியவனுக்கோ, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இறந்தவளுக்கோ கல்வெட்டு வெளியிடப்பட்டதை நாம் கண்டதில்லை. யாருக்காகப் பகிரங்கமாக அழலாம் என்பது நிலவுடைமைச் சமூகத்தில் நிலத்தைப் போலவே பங்கிடப்பட்டிருந்தது.

இந்தப் பின்னணியிலேதான் சினிமாக் கொட்டகையின் வருகையை நோக்குதல் வேண்டும். தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981இல் பேராசிரியர் சிவத்தம்பி வெளியிட்ட நூலில் ஓர் அவதானிப்பு உண்டு. தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக அமர்ந்த முதலிடம் கொட்டகையே என்பதும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்றிக் காசே என்பதும் அவர் சுட்டியவை. சாதியின் இடத்தைக் காசு பிடித்தமை ஒரு வகையில் முன்னேற்றம். அக்காசு நடிகனைப் பண்டமாக்கியமை அம்முன்னேற்றத்தின் மறுபுறம். கொட்டகையில் அமர்ந்தவன் தன்னைப் போன்ற படகோட்டியாக, தொழிலாளியாக, ரிக்‌ஷாக்காரனாக வேடமிட்ட ஒருவன் பண்ணையாரை அடித்து வீழ்த்துவதைக் கண்டான். அந்த வேடதாரியே திரைக்கு வெளியில் மழைக்கோட்டு வழங்கும் வள்ளலாகவும், 1977 முதல் முதலமைச்சராகவும், 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தின் கர்த்தாவாகவும் தோன்றியபோது, பாரியும் அதியனும் இருந்த இடம் நிரம்பிவிட்டது. இரசிகரும் கட்சியினரும் அவருக்கு வழங்கிய பட்டங்கள் பலவற்றுள் 'வள்ளல்' என்பதே உள்ளத்தில் ஆழப்பதிந்தமை தற்செயலன்று. சத்துணவை உண்ட பிள்ளையின் பசி மெய். அவ்வுணவு மக்களின் வரிப்பணத்தால் ஆனது என்பதும் மெய். உரிமையாகக் கிடைக்கவேண்டியது கொடையாகக் கிடைத்தபோது பெற்றவன் நன்றிக்கடன்பட்டவனாகின்றான். மறைமுக வரிகளாலும் மதுவினாலும் ஏழைகளிடமிருந்தே வருவாய் திரட்டிய ஆட்சி ஏழைகளாலேயே போற்றப்பட்ட முரண்பாட்டை எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் வெளியான தமது ஆய்வின் மைய வினாவாக்கினார்.

இறுதி ஊர்வலத்தைப் பற்றி அந்நூல் தரும் செய்திகள் ஊன்றிப் படிக்கத்தக்கன. இருபது இலட்சத்துக்குக் குறையாதோர் கூடினர். முப்பத்தொரு பேர் துயர் தாளாது தம்முயிரை மாய்த்துக் கொண்டனர். கணக்கற்ற ஆண்கள் தலையை மழித்துக் கொண்டனர். சென்னைக்கு வர இயலாதோர் தத்தம் ஊர்களில் அவரது உருவப்படத்தை வைத்துப் பாடைகட்டி ஊர்வலம் நடத்தி, முறைப்படி அடக்கமும் செய்தனர். இவற்றுள் எமது கவனத்தை மிகவும் ஈர்ப்பது மொட்டையடித்தலாகும். அது மகன் தந்தைக்குச் செய்யும் கிரியை. கிரியை செய்பவன் தனயன் என்பதனால், கிரியையைச் செய்வதன் மூலம் இரசிகன் தன்னைத் தனயனாக்கிக் கொண்டான். தன் சொந்தத் தந்தைக்குப் பறைமேளத்துக்கே கடன்பட்டவன், ஊரறியச் சாவீடு கொண்டாட வகையற்றவன், தமிழ்நாடு முழுவதும் அறிந்த ஒரு சாவில் மூத்த மகனின் இடத்தை எடுத்துக்கொண்டான். தன் குடிலில் அழ முடியாமற்போன சாவுகளையெல்லாம் அவன் அன்று சேர்த்து அழுதிருக்கவும் கூடும். இதனை நிரூபிக்க எம்மிடம் சான்றில்லை. ஆயினும் ஒப்பாரி கேட்டு வளர்ந்த எவரும், ஒரு சாவீட்டிற் பெண்கள் தத்தம் இறந்தோரை நினைந்தே குரலெடுத்து அழுவதை அறிவர்.

கிரியை செய்த தனயர் பலர்; முதுசமோ வேறிடம் சென்றது. இராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்ட உடலின் தலைமாட்டில் ஜெயலலிதா மணிக்கணக்காக நின்றமையும், பின்னர் உடல் ஏற்றப்பட்ட பீரங்கி வண்டியிலிருந்து அவர் தள்ளப்பட்டமையும் அக்காலப் பத்திரிகைகளைப் படித்தோர் மறந்திரார். தமிழர் சாவீட்டிலே தலைமாடு யாருக்குரியது என்பது உறவும் உரிமையும் தீர்மானிக்கும் காரியம். வெளியே முச்சந்திகளில் மக்கள் படத்துக்குக் கொள்ளி வைத்துக் கொண்டிருந்தபோது, உள்ளே வாரிசுரிமை வழக்கு நடந்து கொண்டிருந்தது. 1988 ஜனவரியில் ஜானகி முதலமைச்சரானார். அம்மாத இறுதியிலேயே அவரது அரசு கலைக்கப்பட்டது. பிளவுண்ட கட்சி 1989இல் தோற்று, ஒன்றுபட்டு 1991இல் ஆட்சியை மீட்டது. இத்தலைமாட்டுப் போட்டி பின்வந்த சாவுகளிலும் ஓயவில்லை. 2018 ஓகஸ்டில் மு. கருணாநிதி இறந்தபோது மெரினாவில் அவருக்கு இடமுண்டா என்பதை உயர்நீதிமன்றமே தீர்க்க வேண்டியதாயிற்று.

எம். ஜி. ஆர். அஞ்சலிகளின் மொழியை ஆராயுமிடத்து அவற்றின் நடுநாடியாக இறப்பை மறுக்கும் போக்கினைக் காண்கின்றோம். சுவரொட்டியிலும் மேடைப் பேச்சிலும் ஆண்டுதோறும் வெளிவரும் நினைவுதினப் பத்திரிகை விளம்பரத்திலும் அவர் வாழ்வதாகவே சொல்லப்படுகின்றது. திரையிலும் அவர் சாகக்கூடாது என்றே இரசிகர் எதிர்பார்த்தனர். 1962இல் வெளிவந்த 'பாசம்' படத்தின் முடிவில் அவர் இறப்பதை அவர்கள் விரும்பவில்லையெனப் பரவலாகக் கூறுவர். 1956இல் 'மதுரை வீரன்' ஏற்கப்பட்டதற்கு, அக்கதைத் தலைவன் செத்தும் தெய்வமாகும் மரபினன் என்பது காரணமாகலாம். 1967இல் துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பினார். 1984இல் நியூயோர்க் வைத்தியசாலையிற் படுத்திருந்தவாறே தேர்தலில் வென்றார். ஆகவே மூன்றாம் முறையும் மீள்வார் என்ற எண்ணம் இயல்பானது. மெரினாச் சமாதியைக் காண வருவோர் இன்றும் கல்லின்மேற் காது வைத்து, உள்ளே அவரது கைக்கடிகாரம் ஓடும் ஓசை கேட்கிறதா எனப் பார்ப்பதுண்டு. நகைப்பதற்கு எளிதான காட்சி இது. ஆனால் காது வைப்பவன் தேடுவதென்ன? பாணனின் உண்கலம் துளைபட்டது என்ற செய்தியை அவன் ஏற்க மறுக்கிறான். கையறுநிலை 'இனி யார் தருவார்' என்று கேட்கும். இரசிகர் அஞ்சலி 'இன்னும் தருவார்' என்கிறது. பழைய வடிவத்தினும் இது கூடுதலான தங்கிநிற்றலைக் காட்டுகிறது என்பது எமது துணிபு. ஏனெனில் ஒளவைக்கு அதியன் இறந்தான் என்பதிற் சந்தேகமிருக்கவில்லை.

(இவ்விடத்திற் சிவாஜி கணேசனை ஒப்பு நோக்கலாம். 2001 ஜூலையில் அவர் மறைந்தபோது நினைவுகூரப்பட்டவை பெரும்பாலும் அவர் பேசிய வசனங்களும் ஏற்ற பாத்திரங்களுமாகும். அவரது இரசிகர் இழந்தது ஒரு கலைஞனை. ஆதலின் அவ்வஞ்சலிகளிற் சுவையறிவு பேசியது. யாழ்ப்பாணத்து வாலிபர் ஒரு காலத்தில் இவ்விருவர் பெயராலும் பிரிந்து வாதிட்டதைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிய நாம், அவ்வாதத்தினுள்ளே கலையா கொடையா என்ற மெய்யான வினா ஒளிந்திருந்ததைக் கவனிக்கத் தவறினோம்.)

விஜய குமாரதுங்கவின் திரைப்படங்கள் வேறு உலகைச் சார்ந்தவையல்ல. 1969இல் 'ஹந்தானே கதாவ' மூலம் பிரபலமான அவர் நல்ல கலைப்படங்களில் நடித்ததோடு, ஏழை வாலிபன் செல்வந்தனை எதிர்க்கும் வாய்பாட்டுப் படங்களிலும் நிறைய நடித்தார். அவருடைய இரசிகரும் கொட்டகையிலேயே உருவானவர்கள். ஆனால் அவர் எவருக்கும் எதையும் கொடுக்கும் நிலையை அடையவில்லை. 1982 இறுதியில் நக்சலைட் என்ற குற்றச்சாட்டிற் சிறை வைக்கப்பட்டார். 1983 மகர இடைத்தேர்தலில் 45 வாக்குகளாற் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டார். 1984இல் அவர் தொடங்கிய ஸ்ரீலங்கா மகாஜன பக்ஷய, இனப்பிரச்சினைக்கு அதிகாரப் பகிர்வே தீர்வென்று சிங்கள மக்களிடம் பகிரங்கமாகக் கூறியது. 1987 ஜூலை ஒப்பந்தத்தையும் அவர் ஆதரித்தார். அதுவே அவர் உயிருக்கு உலையாயிற்று என்பது பொதுக்கருத்து. கொலைக்கு ஜே. வி. பி.யின் ஆயுதப் பிரிவான தேசப்பிரேமி ஜனதா வியாபாரய மீதே குற்றஞ்சாட்டப்பட்டது. பின்னாளில் விசாரணை ஆணைக்குழுவொன்று வேறு ஐயங்களையும் எழுப்பியது.

1988, 1989ஆம் ஆண்டுகளில் தென்னிலங்கையில் அவ்வியக்கத்தினர் விதித்த கட்டளைகளுள் ஒன்று சாவீடு பற்றியது. தாம் கொன்றவர்களின் பிரேதப் பெட்டியை முழங்காலுக்கு மேல் உயர்த்திச் செல்லக்கூடாது, சடங்குகள் கூடா. மீறியோர் கொல்லப்பட்டனர். அரச தரப்பினரோ மறுபுறம் இளைஞரைக் கொன்று தெருவோரங்களில் ரயர் போட்டெரித்தனர். அவர்களுக்குப் பிரேதப் பெட்டியே இல்லை. அத்தகைய காலம் தொடங்கும் வேளையிற் கொழும்புச் சுதந்திர சதுக்கத்தில் விஜயவின் உடலுக்கு முன்னாற் பெருந்திரளான மக்கள் கூடினர். கொடை பெற்றவர்கள் நன்றி செலுத்தத் திரண்ட கூட்டம் அதுவன்று. அங்கு செல்வது தன்னைக் காட்டிக்கொள்வதாகும். அழுகை அங்கே ஒரு பக்கம் சேரும் செயலாயிற்று. பெட்டி முழங்காலுக்கு மேலே, தோளுக்கும் மேலே உயர்ந்தது. இரசிகனின் அஞ்சலி எப்போதும் தங்கிநிற்றலின் வெளிப்பாடே என்போருக்கு இந்த ஒரு சம்பவமே போதிய மறுப்பாகும்.

ஆயினும் இதனை மிகைப்படுத்துவதற்கில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் விஜயவின் கட்சி வேட்பாளர் ஒஸி அபேகுணசேகர பெற்ற வாக்குகள் ஐந்து வீதத்துக்கும் குறைவு. பயங்கரத்தின் மத்தியில் நடந்த தேர்தல் என்பது உண்மையே. எனினும் அழுத கண்கள் வாக்களித்த கைகளாகவில்லை. எம். ஜி. ஆர். இரசிகரிடம் மன்றங்கள் இருந்தன. சாவின் பின் அத்துயரைச் சேமித்துத் தேர்தல்தோறும் செலவிட ஓர் அமைப்பு இருந்தது. விஜயவின் இரசிகரிடம் அத்துணை வேரூன்றிய அமைப்பு இருக்கவில்லை. இடதுசாரிகளாகிய நாமோ, பாட்டுப் பாடும் நடிகனின் இரசிகரை அமைப்பாக்குவது நம் தகுதிக்குக் கீழானதென எண்ணினோம். இத்தவற்றை ஒப்புக்கொள்ளாமல் வெகுசனத்தின் 'பின்தங்கிய உணர்வு' பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

நாம் இருக்கும் இடத்தையும் மறந்துவிட இயலாது. எம். ஜி. ஆருக்குச் சென்னையில் இருபது இலட்சம் பேர் கூடிய அந்த டிசெம்பரில், யாழ்ப்பாணத்திற் பல குடும்பங்கள் தம் இறந்தோருக்கு அந்தியேட்டி செய்தனவோ என்பதே ஐயம். 1987 ஒக்ரோபர் 21, 22ஆந் திகதிகளில் யாழ்ப்பாணப் பொது வைத்தியசாலையிற் கொல்லப்பட்ட வைத்தியரும் தாதியரும் நோயாளரும் அவ்விறந்தோருட் சிலர். 2021 ஜனவரி 8ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தமையால் அது மீளக் கட்டப்பட்டது. அழுவதற்கு இடம் கேட்டு உண்ணாவிரதம் இருக்க நேர்ந்தவர்கள், முச்சந்தியிற் படத்துக்குக் கிரியை செய்தவனைப் பார்த்துச் சிரிப்பது பொருந்தாது.

ஆய்வாளர் செய்யத்தக்க காரியமொன்று எஞ்சியுள்ளது. ஈழத்துக் கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் நூலக நிறுவனத்தினரின் முயற்சியால் இணையத்திற் பெருமளவு சேர்க்கப்பட்டுள்ளன. நடிகருக்காக இரசிகர் அச்சிட்ட கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரங்கள், காலணாப் பாட்டுப் புத்தகங்களின் வழிவந்த இரங்கற் பாட்டுகள், சலூன்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒட்டப்பட்ட படங்களின் கீழுள்ள வாசகங்கள் ஆகியவற்றை அவ்வாறு திரட்டியோரை நாம் அறியோம். இவை யாருடைய கையெழுத்து, எந்த அச்சகம், எவர் செலவு என்று கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். இலக்கணப் பிழைகளோடு எழுதப்பட்ட அந்த வாசகங்களிலே தான் முதன்முதலாக உழைப்பாளியொருவன் தன் பெயரை அச்சிற் கண்டிருப்பான். அஞ்சலியின் கீழே, 'இங்ஙனம்' என்ற சொல்லுக்குப் பின்.

பிசிராந்தையார் பெயரை நாம் அறிவோம். அவர் புலவர், அவரைப் பாடவும் புலவர் இருந்தனர். 1987இல் உயிர்நீத்த அந்த முப்பத்தொருவர் என்ன தொழில் செய்தவர்கள், எவ்வூரினர், அவர்களுக்கு யார் கொள்ளி வைத்தனர் என்பனவற்றை எந்தக் கையறுநிலையும் சொல்லவில்லை.